பதினோராவது படம்

எங்கள் வீட்டில் சாமி படங்கள் பதினொன்று. விளக்கு மூன்று, மணி ஒன்று, தூபக்கால் ஒன்று, கோயில் புற்றுமண் போட்டுவைத்த பித்தளைச் சம்படம் ஒன்று. அடுக்களை அலமாரியின் இரண்டு தட்டுகளில் இவை எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. அரசுக் கிட்டங்கியில் இருப்புச் சரிபார்ப்பது என் உத்தியோகமாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு சரிபார்ப்பதற்கு வீடுதான் மிச்சம்.

ஹாலின் ஈசான மூலையைத் தடுத்துத் தனியாகப் பூஜை அறை கட்டப்போவதாக மகன் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

“ஆடித் தபசுத் திருநாளுக்கு முன்னால முடிச்சிரலாம்ப்பா” என்றான்.

“இருக்கிற எடத்துக்கு என்னலே கொறச்சல்?”

“தாளிக்கிற பொகையெல்லாம் சாமி மேல படியுதுன்னு அவ சொல்லுதா.”

அவள் என்றால் மருமகள். புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். எதையும் காரணம் இல்லாமல் செய்யமாட்டாள். அந்தக் காரணத்தை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டாள். ஆகவே புகை என்று அவள் சொன்னால் புகை தவிர வேறு ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

என் கவலை அறையைப் பற்றியது அல்ல. பதினொரு படங்களில் ஒன்று எங்கள் ஊர்க் கோயில் சாமி சங்கரநாராயணர். ஒரே உடம்பில் பாதி சிவன், பாதி பெருமாள். கல்யாணமான புதிதில் என் மனைவி கோயில் வாசல் கடையில் வாங்கியது. அதன் கண்ணாடியில், சாமியின் பாதம் வருகிற இடத்தில், சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைப்பாள். வைத்து வைத்து அந்தப் பொட்டு கடலைப்பருப்பு கனத்துக்குக் கெட்டிப்பட்டிருந்தது. மனைவி இறந்த அன்றைக்கே, இனி அந்தப் படத்துக்கு யாரும் பொட்டு வைக்கக்கூடாது, துடைக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டேன். மற்றப் பத்துப் படங்களுக்கும் மருமகள் வெள்ளிக்கிழமை பொட்டு வைப்பாள். இதை விட்டுவிடுவாள். தெற்குச் சுவரில் மனைவியின் போட்டோ மாலையோடு இருக்கிறது. ஆனால் அது ஸ்டுடியோக்காரன் எடுத்தது. பொட்டு அவள் விரல் வைத்தது. தினமும் காலையில் அது இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பல் தேய்க்கப் போவேன்.

வேலை தொடங்கியதும், தூசி படாமல் இருக்கட்டும் என்று படங்களை என் அறைக் கட்டிலில் கொண்டுவந்து அடுக்கினாள். எண்ணினேன். பத்து. போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் எண்ணினேன். சங்கரநாராயணரைக் காணவில்லை.

“ஏம்மா, பத்துதான் இருக்கு.”

“எல்லாம் பத்திரமாத்தான் இருக்கு மாமா.”

“எல்லாம்னா எத்தனை?”

“காப்பி ஆறிப்போகுது பாருங்க. குடிங்க முதல்ல.”

எண்ணிக்கை கேட்டவனுக்குக் காப்பி பதில் ஆகாது. பரண், பீரோவின் பின்பக்கம், அரிசி டிரம்முக்குப் பின்னால் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பார்க்காமல் விட்டது மகன் மருமகள் அறையை மட்டும்தான். மகனிடம் கேட்டேன். “அவகிட்டதான் கேக்கணும்ப்பா” என்றான். அவன் எதற்கும் சொல்லுகிற பதில் அதுதான்.

இரண்டொரு நாள் கழித்து மருமகள் போனைக் காதில் வைத்தபடியே என்னிடம் வந்தாள். பூஜை அறையின் சுவருக்குச் சங்கரநாராயணரைப் பெரிதாக டைல்ஸில் அச்சடித்து வாங்க ஏற்பாடாம். கடை வெளியூர்.

“மாமா, சிவன் எந்தப் பக்கம் வருவாவ? கடைக்காரங்க கேக்காங்க.”

“இதுகூடவா தெரியாது? வலது பக்கம்.”

“வலது பக்கமாம் அண்ணே” என்று போனில் சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. படம் பத்திரமாக இருந்தால் அதைப் பார்த்துச் சொல்லியிருக்கலாமே? என்னிடம் ஏன் கேட்க வேண்டும்? ஆக, படம் வீட்டில் இல்லை. பழசு எதற்கு என்று எங்கோ போட்டுவிட்டாள். புது டைல்ஸ் வந்து ஒட்டிவிட்டால் கிழவன் மறந்துவிடுவான் என்று கணக்கு.

வீட்டில் வேண்டாத சாமி படங்களை எங்கள் ஊரில் குப்பையில் போடமாட்டார்கள். குளத்தங்கரை அரசமரத்தடியில் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்துவிடுவார்கள். அன்று சாயங்காலமே அங்கே போனேன். மரத்தைச் சுற்றி இருபத்து மூன்று படங்கள் இருந்தன. நான்கில் கண்ணாடி உடைந்திருந்தது. இரண்டு வெறும் காலண்டர். சங்கரநாராயணர் மட்டும் மூன்று பேர். மூன்றையும் திருப்பி, கைக்குட்டையால் தூசியைத் தட்டி, பாதத்தைப் பார்த்தேன். எங்களுடையது இல்லை.

மரத்தடியில் பூ விற்கும் அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன அண்ணாச்சி, ஊரே சாமியக் கொண்டாந்து விட்டுட்டுப் போகுது. நீங்க என்ன பொறுக்கிட்டு இருக்கிய?”

“சும்மா பாக்கேன்.”

“பாருங்க. தூக்கிட்டுப் போயிராதீங்க. ஒருத்தர் வேண்டாம்னு விட்ட சாமி கோவத்துல இருக்கும். அதுவும் உங்க கையில இருக்கது ரெண்டு பேரு. ரெட்டைக் கோவம்லா!”

படத்தைக் கீழே வைத்தேன். “எங்க வீட்டுப் பிள்ள இங்கன ஏதும் கொண்டாந்து வச்சாளா?”

“உங்க மருமகளா? அது வெள்ளிக்கெழமைக்குப் பூ வாங்கும், போகும். நான் ஒண்ணும் பாக்கல.”

பார்த்திருந்தாலும் சொல்வாளா? வெள்ளி தவறாமல் பூ வாங்குகிற கை. அதைக் காட்டிக்கொடுக்க அவளுக்கென்ன பைத்தியமா? அங்கே நின்று பிரயோசனமில்லை என்று திரும்பிவிட்டேன்.

டைல்ஸ் வந்தது. ஆறு சதுரங்கள். கடைக்காரரே வண்டியில் கொண்டுவந்து ஹால் தரையில் வரிசையாகப் பரப்பினார். மகனும் மருமகளும் ஒரு பக்கம் நின்று பார்த்தார்கள். நான் சாமியின் பாதத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். என் இடது கைப் பக்கம் கிரீடமும் சங்கும் இருந்தன. வலது கைப் பக்கம் சடையும் பாம்பும் இருந்தன.

“ஏலே, இது யாரு?”

“சங்கரநாராயணர்ப்பா.”

“இல்ல. இது நாராயணசங்கரர். பக்கம் மாறிக் கெடக்கு.”

கடைக்காரர் நிமிர்ந்தார். “ஐயா, சிவன் வலது பக்கம்னு அம்மா போன்ல சொன்னாங்க. இந்தா வலது.” தன் வலது கையை நீட்டிக் காட்டினார்.

“சாமிக்கு வலதுவே! உமக்கு வலது இல்ல!”

“சாமிக்குன்னு யாரும் சொல்லலியே ஐயா.”

“யப்பா, ஒங்ககிட்ட கேட்டுத்தான அவ சொன்னா” என்றான் மகன்.

“நான் சரியாத்தான்லே சொன்னேன். இந்த ஊர்ல பொறந்த பச்சப்பிள்ள கேக்குமா, யாருக்கு வலதுன்னு?”

“நான் புளியங்குடிலா மாமா” என்றாள் மருமகள். சிரித்தாளா என்று பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடைக்காரர் சண்டைக்கு வரவில்லை. “வீட்ல பழைய படம் ஒண்ணு இருக்குமில்ல? காட்டுங்க. என் தப்புன்னா மாத்தி அடிச்சுக் கொண்டாரேன்.”

இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வராது. “எடுத்துட்டு வாம்மா” என்றேன். “பத்திரமா இருக்குன்னியே.”

மருமகள் மகனைப் பார்த்தாள். அவன் டைல்ஸைப் பார்த்தான். பிறகு அவர்கள் அறைக்குள் போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் பழைய நூல்சேலையில் சுற்றிய ஒரு சதுரம் இருந்தது. சேலை என் மனைவியுடையது. பிரித்தாள். எங்கள் சங்கரநாராயணர்தான். சிவன் சாமிக்கு வலது பக்கம், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தார். கடைக்காரர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு, ஆறு சதுரங்களையும் வண்டியில் ஏற்றினார். மகன் உதவப் போனான்.

நான் பாதத்தைப் பார்த்தேன். பொட்டு இல்லை. அது இருந்த இடத்தில் மங்கலான ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

“பொட்டு எங்க?”

“அலமாரிலேர்ந்து எடுக்கும்போது உதிர்ந்துட்டு மாமா. நீங்க பாத்தா மனசு கஷ்டப்படுவியன்னுதான் உள்ள வச்சேன். வெளிய எடுத்தா பாத்துருவியன்னுதான் சிவன் எந்தப் பக்கம்னுகூட ஒங்ககிட்ட கேட்டேன். வீட்ல இந்த ஆள் நடமாட்டம் கொறஞ்சதும் மறுபடி வச்சு, காயவிட்டுக் கொண்டாரலாம்னு…”

“மறுபடியா?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மறுபடின்னா? இதுக்கு முன்னாலயும் வச்சியா?”

நான் விடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். சேலையை மடித்துக்கொண்டே சொன்னாள். “அத்தை வச்சது அவிய தவறுன மாசமே உதிர்ந்துட்டு மாமா. நீங்க தெனமும் வந்து அதைப் பாத்துட்டுப் போவிய. அன்னைக்கு நீங்க எந்திரிக்கும் முன்னால நான் வச்சிட்டேன். பொறகு உதிர உதிர வச்சேன். கனமாத் தெரியணும்னு ரெண்டு தடவ சந்தனம் வைப்பேன்.”

“அவ வருசக்கணக்கா வச்சதுல்லா அது!”

“வருசக்கணக்கா?” உண்மையாகவே அவளுக்கு ஆச்சரியம். “அத்தை வெள்ளிக்கு வெள்ளி ஈரத்துணியால தொடச்சிட்டுத்தான் மாமா புதுசு வைப்பாவ. எனக்கு அப்பிடித்தான் சொல்லித் தந்தாவ.”

வெள்ளிக்கிழமை காலையில் நான் கோயிலில் இருப்பேன். வீட்டில் என்ன நடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? துடைத்தது என்ன, வைத்தது என்ன? தெரியாதவனிடம் எதையும் சொல்லிவிடலாம். பொட்டைத் தட்டிவிட்டவள் தப்பிப்பதற்குக் கட்டுகிற கதையாகவும் இருக்கலாம். ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

“சந்தனத்தை எதுல கொழச்ச?”

“பன்னீர்லதான். தண்ணி விட்டா வெடிச்சிரும்னு அத்தை சொல்லுவாவ.”

கோயிலிலிருந்து நான் திரும்பி வந்ததும் மனைவி இட்லித் தட்டை நீட்டுவாள். வெள்ளிக்கிழமை மட்டும் அந்தக் கையில் பன்னீர் வாசனை இருக்கும். பூவில் பட்டது என்று நினைத்திருந்தேன். அதைப் பற்றி யாரிடமும் நான் பேசியது கிடையாது. ஆக, இது கட்டிய கதை இல்லை.

மாற்றி அடித்த டைல்ஸ் தபசுக்கு முன்னாலேயே வந்தது. ஒட்டுவதற்கு முன் நானே ஆறையும் சரிபார்த்தேன். அதன் கீழே கருங்கல் பலகையில் பதினொரு படங்களும் ஏறின. விளக்கு, மணி, தூபக்கால், சம்படம் எல்லாம் கணக்கில் சரி. முதல் வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போகவில்லை. அறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

மருமகள் ஒவ்வொரு படமாகத் துடைத்துப் பொட்டு வைத்தாள். பத்து முடிந்தது. ஈரத்துணியைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“பத்தோட நிறுத்திட்டியே” என்றேன்.

பதினோராவது படத்தை அவள் துடைத்தாள். அந்த மங்கல் வட்டமும் போய்விட்டது. கிண்ணத்தில் விரலைத் தொட்டுச் சந்தனம் வைத்தாள், அதன்மேல் குங்குமம் வைத்தாள். பன்னீர் வாசனை வருகிறதா என்று கவனித்தேன். வந்தது. எழுந்து கிட்டே போய்ப் பார்த்தேன்.

“கொஞ்சம் இடது பக்கம் தள்ளியிருக்கு.”

“யாருக்கு இடது மாமா?” என்றாள்.