நிறுத்திய மாத்திரை

ஆரணியில் அறிவியல் வாத்தியாராக இருந்த கிருபாகரனுக்கு, தனக்குத் தெரியாத விஷயம் ஒன்று உலகத்தில் இருக்கக்கூடும் என்று நாற்பத்தைந்து வயது வரை தோன்றியதில்லை. தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் மாத்திரை அட்டையை அவரிடம்தான் கொண்டுவருவார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பின்பக்கத்துப் பொடியெழுத்தைப் படித்து விளக்கம் சொல்லி அனுப்புவார்.

மனைவி ரோசம்மாள் பட்டுச்சேலை நெய்பவள். தொண்ணூற்றொன்றில் அவளுக்கு விரல் மூட்டுகள் வீங்க ஆரம்பித்தன. காலையில் ரவிக்கைக் கொக்கி மாட்டக்கூட வளையாத விரல்களை வைத்துக்கொண்டு தறியில் எப்படி உட்காருவது? பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாள் சொல்லி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மருந்துக்கடை வைத்திருந்த லோகநாதனிடம் சின்ன வெள்ளை மாத்திரை வாங்கிப் போட்டாள். மூன்றாம் நாளே தறியில் உட்கார்ந்துவிட்டாள். அவன் டாக்டர் சீட்டு கேட்கவில்லை, இவளும் எந்த டாக்டரிடமும் போகவில்லை. ஆறு வருடம் அப்படியே ஓடியது. கணவரிடம் சத்து மாத்திரை என்று சொல்லியிருந்தாள். அவள் முகம் உப்பி உருண்டையானது. வாத்தியார் மனைவியை நன்றாக வைத்திருக்கிறார் என்று சர்ச்சில் பேசிக்கொண்டார்கள். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

தொண்ணூற்றேழில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்டீராய்டு மாத்திரைகளின் கெடுதல் பற்றிப் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தார். எலும்பு கரையும், சர்க்கரை ஏறும், முகம் உப்பும் என்று இருந்தது. எழுந்துபோய் அவளுடைய டப்பாவைத் திறந்து அட்டையைப் பார்த்தார். கட்டுரையில் இருந்த அதே பெயர்.

"இத்தனை வருஷமா விஷத்தைத் தின்னுகினு இருந்திருக்க" என்றார்.

மாத்திரை இல்லாவிட்டால் கை வராது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்கிறேன் என்று அவள் கேட்டுப் பார்த்தாள். விஷத்தில் கொஞ்சம் என்ன, நிறைய என்ன என்று சொல்லி, எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டினார். லோகநாதன் கடைக்கும் போய், இனி இவளுக்குக் கொடுத்தால் போலீசுக்குப் போவேன் என்று மிரட்டிவிட்டு வந்தார். அன்றைக்கு அவருக்கு நிம்மதியான தூக்கம்.

முதல் நாலைந்து நாள் மூட்டுவலி அவளைப் பிடுங்கி எடுத்தது. பிறகு வந்தது வேறு மாதிரி. எழுந்து நின்றால் கண் இருட்டியது. சோற்றைக் கண்டாலே குமட்டியது. உடம்பு விஷத்தை வெளியேற்றுகிறது, பொறுத்துக்கொள் என்று அவர் தைரியம் சொன்னார். பத்தாம் நாள் காலில் ஆணி குத்தி, புண் சீழ்பிடித்துக் காய்ச்சல் கண்டது. மற்றவர்களுக்கு நாலு நாளில் ஆறிவிடும் புண்தான். பன்னிரண்டாம் நாள் காலை, வாசல் தெளிக்கப் போனவள் வாளியோடு சாய்ந்தாள். கை சில்லிட்டிருந்தது, கூப்பிட்டதற்குப் பதில் இல்லை.

காரில் போட்டு வேலூருக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறியும் ரத்த அழுத்தம் எழும்பவில்லை. பெண் டாக்டர் ஒருத்தர் ரோசம்மாளின் உப்பிய முகத்தையும், காகிதம் மாதிரி மெலிந்த தோலையும் பார்த்துவிட்டு, என்ன மாத்திரை சாப்பிட்டார்கள் என்று கேட்டார். தானே கண்டுபிடித்து நிறுத்திவிட்டதைக் கிருபாகரன் சொன்னார். அந்த நேரத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"ஒரேயடியாவா நிறுத்தினீங்க?" என்று கேட்ட டாக்டர், பதிலுக்குக் காத்திராமல் ஊசியோடு உள்ளே ஓடினார். கொஞ்ச நேரத்தில் நாடி பிடிபட்டது.

மறுநாள் டாக்டர் விளக்கினார். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி, காயமோ காய்ச்சலோ வந்தால் கார்டிசோலைக் கூட்டிச் சுரக்கும். அழுத்தம் விழாமல் தாங்குவது அதுதான். வீக்கமும் அழற்சியும் எல்லை மீறி உடம்பையே தின்றுவிடாமல் அடக்குவதும் அதுதான். மாத்திரையில் இருந்ததும் அதே வகைச் சரக்கு. ஆறு வருடம் வெளியிலிருந்து வந்ததால் சுரப்பி வேலையை மறந்துபோனது. மாதக்கணக்கில் சிறுகச் சிறுகக் குறைத்திருந்தால் விழித்திருக்கலாம். இனி விழிக்குமா என்பது சந்தேகம்.

கிருபாகரன் தலையாட்டினார். வருடாவருடம் அந்த அட்ரீனல் சுரப்பியைக் கரும்பலகையில் வரைந்தவர் அவர். அதன் உள்பகுதியைப் பற்றி, ஆபத்து வந்தால் சண்டை அல்லது ஓட்டம் என்று நடித்தே காட்டுவார். கார்டிசோல் சுரக்கும் வெளிப்பகுதி பரீட்சைக்கு வராது என்று தாண்டிப் போய்விடுவார்.

ரோசம்மாளுக்கு நினைவு தெளிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, தெரியாமல் செய்துவிட்டேன் என்றார்.

"தெரியாதுன்றது பரவால்லங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கலையே" என்றாள்.

சுரப்பி விழிக்கவே இல்லை. வாழ்நாள் முழுக்க மாத்திரை என்றாகிவிட்டது. டாக்டரம்மாவைப் பார்க்கப் பொன்னியம்மாளோடுதான் போய்வந்தாள். வேளாவேளைக்கு அவருக்குச் சோறு போட்டாள், சர்ச்சுக்குக் கூடவே வந்தாள். உடம்பைப் பற்றி மட்டும் அவரிடம் வாயைத் திறப்பதில்லை.

இரண்டாயிரத்து நாலில், பொன்னியம்மாளோடு மார்க்கெட்டுக்குப் போனபோது ஒரு பைக் இடித்து அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. பள்ளிக்கூடத்தில் செய்தி கேட்டு, அடிபட்டால் கூடுதல் மருந்து தேவைப்படுமே என்ற பதைப்போடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார் கிருபாகரன். அங்கே ஊசி போட்டு முடித்திருந்தார்கள். அடிபட்டால் உடனே இந்த ஊசி போட வேண்டும் என்று வேலூர் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு ஒன்று, ஏழு வருடமாகப் பொன்னியம்மாளின் சுருக்குப்பையில் இருந்திருக்கிறது. அப்படி ஒரு சீட்டு இருப்பதே அவருக்குத் தெரியாது.

"எங்கிட்ட ஏன் குடுக்கல?" என்று கேட்டார்.

"கிழிச்சுட்டீங்கன்னா நான் இன்னா பண்றது?" அவள் கோபமில்லாமல்தான் சொன்னாள்.

அப்போது நர்ஸ் காகிதத்தோடு வந்து, எலும்பைச் சேர்த்துக் கட்ட மயக்கம் கொடுக்க வேண்டும், சொந்தக்காரர் யாராவது கையெழுத்துப் போடுங்கள் என்றாள். கிருபாகரன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"பொன்னி, நீ போடுடி" என்றாள் ரோசம்மாள்.