காலி என்றே காட்டிய முள்

நான் ஆசைப்பட்டு வாங்கிய பழைய அம்பாசிடரில் பெட்ரோல் எவ்வளவு இருந்தாலும் முள் காலி என்றே காட்டும். நடுவழியில் நின்றுவிடுமோ என்று பயந்து, பெட்ரோல் பங்க்கைக் கண்டபோதெல்லாம் நிரப்புவேன். டேங்க் பாதிக்கு மேல் நிரம்பினால் ஒழுகும்.

பெட்ரோல் அளவை முள்ளுக்குச் சொல்லும் ஃப்ளோட் யூனிட் டேங்கின் பக்கவாட்டில் இருந்தது. அதன் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது; ஒழுகல் அந்த வழியாகத்தான். மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மணமேல்குடியில் என் மனைவியின் சித்தப்பா வீட்டுக் காதுகுத்துக்கு அந்தக் காரில்தான் போனோம். பந்தியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு, "ஒங்க வீட்டுக்காரரு பெட்ரோல் பங்க் வச்சிருக்காராம்மா?" என்று கேட்டார். என் மனைவியின் பட்டுச்சேலை முழுக்கப் பெட்ரோல் வாடை.

திருக்கோகர்ணத்தில் எங்கள் வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் இறங்கியதும் மனைவி, "ஒண்ணு அது ஒழுகக் கூடாது. இல்ல, நான் அதுல ஏறக் கூடாது. யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

புது யூனிட்டும் வளையமும் வாங்கிவந்து, ஞாயிறு காலை வேலையில் இறங்கினேன். அன்று அடுப்பு பற்ற வைக்கக் கூடாது என்று அவள் உத்தரவு போட்டுவிட்டாள். இட்லி கடையிலிருந்து வந்தது. ஒரு வாளி மணலோடு கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பஸ் ஓட்டி ரிட்டையர் ஆன பக்கத்து வீட்டுக்காரர், யோசனை சொல்லலாமென்று பீடியோடு வந்தார்.

"அண்ணே, அதை அணைச்சுட்டு வாங்க."

"பழைய வண்டிதானேம்மா?"

"வண்டிதான் பழசு. பெட்ரோல் புதுசு."

அவர் பீடியை விட மனமில்லாமல் அப்படியே திரும்பிப் போனார்.

பேட்டரி வயரைக் கழற்றினேன். பெட்ரோலைக் கேன்களில் வடித்தேன். தீப்பொறி பறக்காமல் இருக்க, மரத்துண்டை வைத்துத் தட்டித் தட்டி, யூனிட்டைப் பிடித்திருந்த பூட்டு வளையத்தைத் திருப்பினேன். வெளியே வந்த யூனிட்டின் மிதவையைக் காதருகே ஆட்டினால் தளக் தளக் என்றது. ஓட்டை விழுந்து உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தது. மிதக்க வேண்டியது அடியில் மூழ்கிக் கிடந்தால் முள் வேறெதைக் காட்டும்?

புதியதைப் பொருத்தி, வடித்ததையெல்லாம் திரும்ப ஊற்றி, பாதிக்கு மேல் வரட்டும் என்று வாங்கி வைத்திருந்த இன்னொரு கேனையும் ஊற்றினேன். மனைவி காருக்கடியில் செய்தித்தாளை விரித்துவிட்டுக் காத்திருந்தாள். பிறகு அதை எடுத்து இரண்டு பக்கமும் மோந்து பார்த்தாள். காய்ந்த தாள்தான். பேட்டரி வயரை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் முள் மெல்ல எழுந்து முக்காலில் நின்றது. எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது.

சாயங்காலம் கறம்பக்குடிப் பக்கம் ஓட்டிப் போனோம். வாடையே இல்லை. மனைவி வயலையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை; முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, முள்ளு எறங்குது."

"வண்டி ஓடுனா எறங்கத்தான் செய்யும்."

"இத்தன நாளா எறங்கலையே. இன்னைக்கு நீங்க கை வச்சதுக்கப்பறம்தான் எறங்குது" என்றாள்.