வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னவர்கள்

அந்தத் தொலைபேசி அழைப்பு பொய். அதைச் செய்யவைத்தவள் நான். பெண் பார்க்க வருகிறோம் என்று ஒரு வீட்டை நம்பவைத்து, கேசரி கிண்டவைத்து, பட்டுடுத்திய மகளை வாசலைப் பார்த்துக் காத்திருக்கவைத்தவள் நான். அதற்கான பழி என் அம்மாவின் மேல் விழுந்தது. அதையும் பார்த்துக்கொண்டு வாயை மூடி நின்றவள் நான்தான்!

முதலிலேயே சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்துச் சொன்னால் நீங்கள் பாதியில் சிரித்துவிடுவீர்கள். இந்தக் கதையின் முன்பாதி சிரிக்கத்தான் வைக்கும். நானே எத்தனை முறை சிரித்திருக்கிறேன்!

என் பெயர் கோமதி. சங்கரன்கோவிலில் வீட்டுக்கு ஒரு கோமதி உண்டு. அதில் நானும் ஒருத்தி. இந்த ஊரிலேயே ஒரு பள்ளியில் ஆசிரியை. ஒழுக்கம் என்று வந்துவிட்டால் கோமதி மிஸ்ஸிடம் தப்ப முடியாது என்று மாணவிகளிடம் எனக்குப் பெயர். நல்ல பெயர்தான்...

நான் பிளஸ் டூ படித்த காலத்தில் எங்கள் தெருவில் தொலைபேசி இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். அப்பா எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்ததால் வந்த வசதி. அக்கம்பக்கத்தார் எல்லாரும் தங்கள் உறவுக்காரர்களுக்கு எங்கள் எண்ணையே கொடுத்திருந்தார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் ‘பி.பி.’ என்று போட்டுவிட்டால் போதும், அது பக்கத்து வீட்டுப் போன் என்று எல்லாருக்கும் விளங்கிவிடும். மணி அடித்தால் அம்மா எடுப்பாள். யாருக்கு வந்ததோ அந்த வீட்டுக்குக் கையிலிருந்த கரண்டியோடு ஓடுவாள். பிரசவம், சாவு, வேலை கிடைத்தது, பஸ்ஸைத் தவறவிட்டது... எல்லாச் செய்தியும் அம்மா சொல்லித்தான் தெருவுக்குத் தெரியும். அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

அடுத்த வீட்டில் வசந்தா அக்கா. என் அம்மாவை மதினி என்று கூப்பிடுவாள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வயது இருபத்தெட்டாகியும் வரன் அமையவில்லை. நானும் என் தோழி செல்வியும் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு மேட்னி ஷோவுக்குப் போனதைப் பார்த்துவிட்டு, என் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அன்று அம்மா என்னை அடித்த அடி இருக்கிறதே! அதற்குத்தான் கிளம்பினோம். பழிவாங்குவது என்றுகூட எங்களுக்குத் தோன்றவில்லை.

“அவளுக்கு ஒரு வெளாட்டு காட்டுவோம்ட்டி” என்றாள் செல்வி.

செல்வி யார் குரலிலும் பேசிக்காட்டுவாள். ராஜபாளையத்தில் ஒரு வீட்டார் தரகர் மூலம் வசந்தா அக்காவின் ஜாதகத்தை வாங்கிப்போயிருப்பது எனக்குத் தெரியும். அம்மாதான் சொல்லியிருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து போன் பூத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, எங்கள் வீட்டு எண்ணையே அழுத்தினோம்.

“ராஜபாளையத்துலருந்து மாப்பிள்ளையோட அம்மா பேசுதேன். ஜாதகம் நல்லாப் பொருந்தியிருக்கு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் பொண்ணு பாக்க வாரோம்னு வசந்தா வீட்டுல சொல்லிருங்கம்மா.”

மறுமுனையில் அம்மாவின் குரல் எனக்கே கேட்டது. “இந்தா... இப்பமே போயிச் சொல்லுதேன்!”

நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எங்கள் மனத்தில் விஷம் இல்லை. இல்லாமலிருந்தால் என்ன? விஷம் இல்லாத கையால் கொடுத்தாலும் குடித்தவருக்கு ஒன்றுதானே!

வெள்ளிக்கிழமை வந்தது. வாழைக்காய் பஜ்ஜிக்கு மாவு கரைத்துவைத்திருந்தார்கள். வசந்தா அக்காவுக்குத் தலைநிறைய மல்லிகை வைத்துவிட்டது என் அம்மா. கட்டியிருந்ததும் என் அம்மாவின் மாம்பழ நிறப் பட்டுதான். எங்கள் வீட்டு நாற்காலிகளை அங்கே தூக்கிக்கொண்டு போனது யார் தெரியுமா? நான்! உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தூக்கிப் போனேன்.

வசந்தா அக்கா என்னைச் சமையலறைக்கு அழைத்துச் சூடாகக் கேசரி கொடுத்தாள். “மேட்னி விசயத்த மதினிகிட்டச் சொன்னதுக்கு எம்மேல கோவமாட்டி?” என்று கேட்டுவிட்டு, “படிக்கிற வயசு பாத்தியா, அதான்” என்று என் கன்னத்தைத் தட்டினாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? நான் கேசரியைத் தின்றேன்.

விளக்கு வைத்தார்கள். அதற்குப் பிறகும் யாரும் வரவில்லை. வசந்தா அக்காவின் அப்பா தெருமுனைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசியில் நாற்காலிகளைத் திருப்பி எடுத்துவந்ததும் நான்தான். அப்போது சிரிப்பு வரவில்லை.

அத்தோடு முடிந்திருந்தால் இதை வெறும் குறும்பு என்று உங்களிடம் விற்றுவிடுவேன். மறுநாள் தரகரைத் தேடிப்பிடித்துக் கேட்டார்கள். “அவுங்க போனே பண்ணலியே! இன்னும் ரோசனதான் பண்ணிக்கிட்டிருக்காவ” என்றுவிட்டார் அவர். விஷயம் ராஜபாளையத்துக்கும் எட்டியது. ‘நாங்கள் வருவதாகச் சொல்லாமலேயே சொன்னதாகக் கதை கட்டும் வீடு எங்களுக்கு வேண்டாம்’ என்று ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பொய் வரன் நிஜ வரனைத் தின்றுவிட்டது.

அப்படியானால் அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது? கொண்டுவந்தது யார்? என் அம்மா! ஏன் கொண்டுவந்தாள்? காரணமும் தயாராக இருந்தது. முன்பு ஒருமுறை அம்மா தன் தம்பிக்கு வசந்தா அக்காவைக் கேட்டு, அவர்கள் கொடுக்க மறுத்திருந்தார்கள்.

வசந்தா அக்காவின் அம்மா பேச்சியம்மாள் தெருவில் வந்து நின்றாள்.

“ஏ ராசம்மா! ஒந்தம்பிக்குக் குடுக்கலன்னுதான எம்மவளுக்கு வந்த எடத்தக் கலச்ச? வராத போன வந்துச்சுன்னு சொல்லி ஊர் சிரிக்க வச்சிட்டியேட்டி! நீ நல்லாருப்பியா?”

குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினாள். எங்கள் வாசலைப் பார்த்துத் தூற்றினாள்.

எங்கள் பக்கத்தில் மண்ணை வாரித் தூற்றினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா உள்ளே போய்ச் சூடத்தை எடுத்துவந்தாள். உள்ளங்கையில் வைத்து ஏற்றினாள். “கோமதியம்மன் மேல சத்தியமாச் சொல்லுதேன் அத்த. போன் வந்துச்சு” என்று எரிந்துகொண்டிருந்த சூடத்தைக் கையை மூடி அணைத்தாள்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஒரு வாக்கியம் போதும்... ‘நாங்கதான் பண்ணுனோம்.’ அவ்வளவுதான்! வாய் வரவில்லை. அப்பா படிப்பை நிறுத்திவிடுவார் என்ற பயம். அது முதல் கொஞ்ச நாளுக்கு. அதற்குப் பிறகு இருந்ததற்குப் பயம் என்று பேர் வைக்க மாட்டேன். சொல்லாமல் இருப்பது வசதியாக இருந்தது, அதனால் சொல்லவில்லை.

அதன்பின் எங்கள் வீட்டுப் போன் மணி அடித்தால் அம்மா எடுக்கமாட்டாள். தெருவில் எந்த வீட்டில் பெண் பார்க்க வந்தாலும் அவளிடம் மட்டும் சொல்லமாட்டார்கள். இடத்தைக் கலைத்துவிடுவாளாம்! நாங்கள் வேறு தெருவுக்கு வீடு மாறியும் அந்தப் பெயர் கூடவே வந்தது. எல்லார் கையிலும் செல்போன் வந்த பிறகும், அம்மா இன்றுவரை ஒன்றைக்கூடத் தொட்டதில்லை.

வசந்தா அக்காவைச் சில வருஷம் கழித்துச் சிவகிரியில் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். அது என்னால்தானா? தெரியாது. என்னால் இல்லை என்று சொல்லவும் எனக்கு வழியில்லை.

இத்தனை காலம் கழித்து இப்போது ஏன் சொல்கிறேன்?

போன மாதம் எங்கள் பள்ளியில் மூன்று மாணவிகள் ஒரு காரியம் செய்தார்கள். குறும்படத்தில் நடிக்கத் தேர்வாகியிருக்கிறாய், சனிக்கிழமை கோயில் வாசலுக்கு வா என்று கூடப்படிக்கும் ஒருத்திக்குப் புது எண்ணிலிருந்து செய்தி அனுப்பினார்கள். அவள் அப்பாவோடு, புதுச் சுடிதாரில் வந்து, மதியம்வரை வெயிலில் நின்றாள். அதைத் தூரத்திலிருந்து படம் பிடித்து ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார்கள். அவளுடைய அப்பா போலீசுக்குப் போவேன் என்று நின்றார். நாங்கள் படித்த காலமாக இருந்தால் தலைமையாசிரியை ஒரு குட்டு வைத்துவிட்டு, ஓய்வறையில் போய்ச் சிரித்திருப்பார். இப்போது விசாரணை, கவுன்சிலிங், எழுத்துமூல உறுதிமொழி. காலம் கெட்டுவிட்டது என்பவர்களும் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். வெயிலில் நின்ற பிள்ளையைப் பற்றி இப்போதுதான் யாரோ கேட்கிறார்கள்!

விசாரணையில் எல்லாரையும்விடக் கடுமையாகப் பேசியவள் நான். அப்போது மூவரில் ஒருத்தி, அபிநயா, நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். “மிஸ், நீங்க சின்ன வயசுல வெளாட்டுக்கு இந்த மாதிரி எதுவுமே பண்ணதில்லியா?”

“இல்லை” என்றேன்.

அந்த ‘இல்லை’ என்னைத் தூங்கவிடவில்லை. செல்விக்குப் போன் செய்து, எல்லாவற்றையும் சொல்லிவிடப்போகிறேன் என்றேன். அவள் இப்போது சென்னையில் இருக்கிறாள். “கிறுக்காட்டி ஒனக்கு? சின்னப்புள்ளத்தனமா எப்பமோ பண்ணுனது. அதப் போயிக் கிளறிக்கிட்டு...” என்றாள். உன் பெயரைச் சொல்லமாட்டேன், என் பெயரைச் சொல்வேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். செல்வி என்பது அவளுடைய உண்மையான பெயர் அல்ல.

அன்று மாலையே அம்மாவின் எதிரில் உட்கார்ந்தேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒன்றையும் விடாமல் சொன்னேன். பூத், தோழியின் குரல், கதவுக்குப் பின்னால் நின்றது... எல்லாம்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அம்மா கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அப்பம்... போன் வந்தது நெசந்தானா?”

“நெசந்தாம்மா.”

“மணி அடிச்சுது. நான் எடுத்தேன். நெசந்தான?” மறுபடியும் கேட்டாள். “எல்லாரும் வரலன்னு சொல்லச் சொல்ல எனக்கே புடிபடாமப் போச்சுட்டி. சூடத்த அணச்ச பொறவும், நம்மதான் கிறுக்குப் புடிச்சு என்னத்தையும் கேட்டுட்டோமோன்னு... இத்தன வருசமா நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன்.”

நான் அவள் பெயரை மட்டும் கெடுக்கவில்லை! அவள் காதையும் புத்தியையும் அவளே நம்பாதபடி செய்திருக்கிறேன். ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றைத் தின்றுகொண்டு!

காலைத் தொடக் குனிந்தேன். அம்மா காலை இழுத்துக்கொண்டாள். “எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? மண்ணு விழுந்த எடத்துல வந்து சொல்லு.”

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை ஆட்டோவில் அந்தப் பழைய தெருவுக்குப் போனோம். பேச்சியம்மாள் இறந்துவிட்டாள். கணவர் போன பிறகு வசந்தா அக்கா அந்த வீட்டுக்கே திரும்பிவிட்டிருந்தாள். அம்மா ஆட்டோவிலேயே இருந்தாள். நான் தெருவில் நின்று கூப்பிட்டேன். வாசலுக்கு வந்தவளிடம், நாலு பேர் கேட்கும்படி, நின்ற இடத்திலேயே சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை. நடுங்கக் கூடாது என்று முடிவெடுத்துத்தான் போயிருந்தேன்.

எதிர்வீட்டுப் பெரியவர் சிரித்தார். “போட்டும் தாயி. அந்த வயசுல எல்லாரும் செய்யதுதான.”

ஆட்டோவுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. “அப்பம் என் வாசல்ல விழுந்த மண்ணு எதுக்கு அண்ணாச்சி?”



வசந்தா அக்கா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “கடத்தெருவுல மதினி எதுக்க வந்தா மொகத்தத் திருப்பிட்டுப் போவேன். ஒருநா சிரிச்சாவ, நான் காறித் துப்புனேன்” என்றாள் மெதுவாக. “எங்கம்ம அந்தக் கோவத்தோடதான் செத்தா. அதுக்கெல்லாம் நான் யாருகிட்டட்டி மன்னிப்புக் கேக்க?”

என்னைத் தாண்டி நடந்தாள். ஆட்டோவில் ஏறி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் வலது கையை விரித்துப் பார்த்தாள். இருவரும் அழுதார்கள். நான் அங்கே நிற்பது இருவருக்கும் நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனதும் அபிநயாவை அழைத்து, “அன்னைக்கு நான் சொன்னது பொய். பண்ணியிருக்கேன்” என்றேன். என்ன பண்ணினேன் என்பதையும் சொன்னேன். “மன்னிச்சுட்டாங்களா மிஸ்?” என்று கேட்டாள். “நீங்க மொதல்ல அவ வீட்டுக்குப் போங்க” என்றேன். வெயிலில் நின்றவளின் வீட்டுக்கு மூவரும் போனார்கள். நானும் கூடப் போனேன்.

எனக்கு மன்னிப்பு வேண்டாம் என்று வீரம் பேசமாட்டேன். வேண்டும். ஆனால் கேட்கப்போவதில்லை.

இப்போது தினமும் மாலையில் வசந்தா அக்கா போன் செய்கிறாள். அம்மாவிடம் போன் இல்லை, அதனால் என் போனுக்குத்தான் வரும். “உங்கம்மகிட்டக் குடு” என்பாள். என்னோடு வேறு பேச்சில்லை. நான் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறேன்.

“அம்மா... வசந்தா அக்கா போன்.”

அம்மா என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டி வாங்கிக்கொள்கிறாள். அந்த உள்ளங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. பேசி முடிக்கும்வரை நான் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன்.