மெஷினுக்கு முகம் காட்டிய தெர்மாகோல்

எங்கள் கம்பெனி வாசலில், செக்யூரிட்டி அறையின் வெளிச்சுவரில், ஒரு பெண் குரல் குடியிருந்தது. அதற்குத் தெரிந்தது இரண்டே வாக்கியம். முகத்தைப் பார்த்து ஆளைத் தெரிந்துகொண்டால் "தேங்க் யூ" என்று கொஞ்சும். தெரியாவிட்டால் அதே கொஞ்சலோடு "ப்ளீஸ் ட்ரை அகைன்" என்னும். கைரேகை மெஷினை எடுத்துவிட்டு முகம் பார்க்கும் இந்த மெஷினை மாட்டிய நாளில் நாங்கள் சந்தோஷப்படத்தான் செய்தோம். தேய்ந்துபோன விரலைத் துப்பட்டாவில் துடைத்துத் துடைத்து வைக்கும் தொல்லை விட்டது என்று நினைத்தோம்.

ஒரகடத்தில் கார்களுக்கு வயர்க் கட்டுகள் செய்யும் கம்பெனி அது. லைனில் நிற்கும் பெண்களில் பாதிக்கு மேல் தெற்கிலிருந்து வந்தவர்கள், அத்தனை பேரும் கான்ட்ராக்ட். நான் சாத்தூர்ப் பக்கம். என் ரூம்மேட் கமுதிப் பக்கம். வல்லம் வடகாலில் ஒரே அறையில் ஐந்து பேர் இருந்தோம் என்றாலும் எனக்கு ரூம்மேட் என்றால் அவள்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதைச் சிரித்துக்கொண்டே தாங்கும் பொறுமை அவளுக்கு மட்டும்தான் இருந்தது.

அவள் நல்ல கறுப்பு. நான் மாநிறம் என்று வெளியில் சொல்லிக்கொள்ளும் கறுப்பு. காலை ஷிப்டில் என்னை அந்த மெஷின் இரண்டாவது, மூன்றாவது தடவையில் ஏற்றுக்கொண்டுவிடும். அவளை ஏற்றுக்கொண்டதே இல்லை. அவளைப் போல இன்னும் இருபது இருபத்தைந்து பேர் இருந்தார்கள். தினமும் காலையில் இவர்கள் மட்டும் ஓரமாக ஒதுங்கி, செக்யூரிட்டி அக்காவின் நோட்டில் பெயரும் வந்த நேரமும் எழுதவைத்து, கையெழுத்துப் போட்டு, ஆபீசிலிருந்து அனுமதி வந்த பிறகு உள்ளே போவார்கள். அதற்குள் லைன் ஓட ஆரம்பித்திருக்கும். ஆபீஸ் அதை லேட் என்று வைத்துக்கொள்ளும்.

மாதத்துக்கு நான்கு லேட் வரை பரவாயில்லை. ஐந்தாவது விழுந்தால் அந்த மாதம் "ஒழுங்கற்ற வருகை". தொடர்ந்து மூன்று மாதம் அப்படி ஆனால் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டார்கள். அவளுக்கு இரண்டு மாதம் அப்படிப் போய்விட்டது. மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தது, அதிலும் இரண்டு லேட் விழுந்துவிட்டது. வேலை போனால் ஊருக்குத்தான் போக வேண்டும். ஊரில் அவள் அம்மா கருவேலங்கட்டையை அடுக்கி மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் வேலையில் இருந்தார். இவளும் பள்ளிக்கூட லீவு முழுக்க அந்தப் புகையில் நின்றவள். திரும்பவும் அங்கே போய் நிற்பதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவளை இழுத்துக்கொண்டு, அட்டெண்டன்ஸ் பார்க்கும் ஆபீசரிடம் போனேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "கொஞ்சம் பவுடர் போட்டுட்டு வாங்கம்மா. மெஷினுக்கு முகம் தெரியணும்ல," என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மழை வரும், குடை எடுத்துக்கொண்டு போ என்பதுபோலச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சார், பார்வை சரியில்லாதது மெஷினுக்கு. இவ மூஞ்சிக்கு என்ன?"

"மத்தவங்களுக்கெல்லாம் விழுதேம்மா?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பார்க்கத் தெரியாத மெஷின் முகத்தைக் கோணல் என்கிறது, அதற்கு ஒரு ஆபீசர் ஒத்து ஊதுகிறார். வெளியே வந்து அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் சிரித்தாள். ஆனால் மறுநாள் காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் பவுடரை அப்பிக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் வியர்த்து அது திட்டுத் திட்டாகக் கரைந்திருந்தது. மெஷின் அப்போதும் அவளை ஏற்கவில்லை, மூன்றாவது லேட். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். சாயங்காலம் துணி துவைக்கும்போது, என்னைப் பார்க்காமல், "எம்மூஞ்சிதான்டி தப்பு," என்றாள். எனக்கு அழுகை வந்தது. அழுகையைக் காட்டத் தெரியாமல் அவளையும் திட்டினேன்.

இங்கே என் பைத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குப் போட்டோ எடுப்பதென்றால் உயிர். கையில் இருந்தது சாதாரண போன்தான். அதனால் வெளிச்சத்தைத்தான் சரி செய்ய வேண்டியிருந்தது, அதற்குக் கடையில் விற்கும் சாமான்களின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவள் நான். வீட்டுக்காரம்மா தூக்கிப் போட்ட மிக்ஸி அட்டைப்பெட்டியின் உள்ளே வெள்ளைத்தாள் ஒட்டி, வாயில் பட்டர் பேப்பர் கட்டி, நடுவில் பல்பு மாட்டினேன். முதலில் மாட்டியது குண்டு பல்பு. பட்டர் பேப்பர் கருகி அறை முழுக்க நாற்றம். மற்ற நான்கு பேரும் என்னை மொட்டைமாடிக்குத் துரத்தினார்கள். எல்.இ.டி. பல்பு மாட்டிய பிறகு அதே நான்கு பேர் அதன் முன்னால் வரிசை கட்டினார்கள். பக்கத்து அறைப் பெண்கள் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிய போட்டோக்கள்கூட அந்த மிக்ஸிப் பெட்டி வெளிச்சத்தில் எடுத்தவைதான்.

இன்னொன்று, தெர்மாகோல் அட்டை. டி.வி. வந்த பெட்டியிலிருந்து எடுத்தது. அதன்மேல் பிரியாணி பொட்டலத்துக்குப் போடும் அலுமினியத் தாளை ஒட்டினேன். அந்தத் தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டினால் வெளிச்சம் முகத்தில் பளீரென்று ஒரு கோடாக விழும். நன்றாகக் கசக்கி, திரும்ப நீவி ஒட்டினால் சிதறிப் பரவும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு பிரியாணி ஆயிற்று. சாப்பிட்டதில் வருத்தமில்லை.

இவ்வளவும் தெரிந்தவளுக்கு வாசலில் நடப்பது மூன்று மாதமாக உறைக்கவில்லை. அடுத்த வாரம், மெஷின் மாட்டிய பிறகு முதல் தடவையாக, எங்களுக்கு மதிய ஷிப்ட் வந்தது. என் ரூம்மேட் பவுடர் கிவுடர் எதுவும் இல்லாமல், பயந்துகொண்டே மெஷின் முன்னால் நின்றாள். முதல் தடவையிலேயே "தேங்க் யூ." மறுநாளும் "தேங்க் யூ." அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் "தேங்க் யூ." மதியம் தெரிகிற முகம் காலையில் எங்கே போகிறது? நான் அங்கேயே நின்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் மரம் இல்லை, கட்டடம் இல்லை, கிழக்குப் பார்த்த வெட்டவெளி. காலை ஆறே முக்காலுக்கு நாங்கள் அந்த மெஷினைப் பார்த்து நிற்கும்போது சூரியன் எங்கள் முதுகுக்கு நேர் பின்னால் இருக்கிறது. ஜன்னலுக்கு முன்னால் ஆளை நிறுத்தி எடுத்தால் முகம் இருண்டுபோகும் என்பது நான் போட்டோ எடுக்க ஆரம்பித்த முதல் வாரத்தில் படித்த பாடம். மாநிறமானவர்கள் எப்படியோ தப்பித்தார்கள், நல்ல கறுப்பானவர்கள் மாட்டிக்கொண்டார்கள். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஆபீசரிடம் சொன்னேன். "நீ என்னம்மா, கேமரா இன்ஜினியரா?" என்று கேட்டார்.

சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை மொட்டைமாடியில் சூரியனுக்கு முதுகு காட்டி நிறுத்தினேன். அவள் போன் முகத்தைப் பார்த்துத் திறக்கும் வகை. அந்த நிலையில் அது அவளுக்குத் திறக்கவில்லை. தெர்மாகோலைப் பிடித்து வெளிச்சத்தை அவள் முகத்துக்குத் திருப்பினேன், திறந்துகொண்டது. போனைப் பூட்டிவிட்டு அட்டையை எடுத்தால் திறக்கவில்லை, வைத்தால் திறந்தது. பத்து தடவை செய்து பார்த்தோம். அவள் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார்.

திங்கட்கிழமை எங்களுக்கு மறுபடி காலை ஷிப்ட். அட்டையோடு பஸ்ஸிலிருந்து இறங்கியதும் செக்யூரிட்டி அக்கா மறித்தார். அவர் பென்னலூர்க்காரர், வாய் என்னைவிட நீளம்.

"இன்னாமே இது? ஷூட்டிங்கா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"வைம்மே, வை. தினம் இத்தினி பேர் எழுதிகினு கெடந்தா என் கை இன்னாத்துக்கு ஆவும்? வீங்கிக் கீது பாரு," என்று கையை நீட்டிக் காட்டினார்.

அட்டையை மெஷினுக்குக் கீழே சாய்த்து வைத்தோம். அவள் போய் நின்றாள். "ப்ளீஸ் ட்ரை அகைன்." மறுபடி நின்றாள். அதே பதில். பின்னால் வரிசை கத்த ஆரம்பித்தது. அவள் பெயர் நோட்டில் ஏறியது, அந்த மாதத்தின் நான்காவது லேட். "விடுடி, இது வெளங்குன மாதிரிதான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இன்னொரு நாள் தவறினால் எல்லாம் முடிந்தது.

அன்று முழுக்க வயரைக் கட்டியபடியே நான் அந்த வாசலை மனசுக்குள் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீ இடைவேளையில்தான் பிடிபட்டது. மொட்டைமாடியில் நான் அட்டையைப் பக்கத்திலிருந்து பிடித்திருந்தேன். வாசலில் நேர் முன்னால் வைத்தேன். பின்னால் சூரியன் இருந்தால் அவள் நிழல் எங்கே விழும்? நேர் முன்னால்தான் விழும். அட்டை முழுக்க அவள் நிழலுக்குள் கிடந்திருக்கிறது. இருட்டைப் பிடித்து முகத்துக்குத் திருப்பியிருக்கிறேன், மகா புத்திசாலி.

செவ்வாய்க்கிழமை அட்டையை மெஷினுக்கு இடதுபக்கம், கம்பித் தடுப்பின்மேல், சாய்வாக நிறுத்தினேன். வரிசை வலதுபக்கமாக வரும், ஆகவே இடதுபக்கம் யார் நிழலும் விழாது. அக்கா தன் டிபன் பையின் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார், அதை வைத்துக் கட்டினேன். என் ரூம்மேட் வந்து நின்றாள். வெளிச்சம் அவள் தோளில் விழுந்தது. அட்டையைக் கொஞ்சம் நிமிர்த்தினேன், கழுத்துக்கு வந்தது. இன்னும் கொஞ்சம். கன்னத்துக்கு ஏறி முகம் முழுக்கப் பரவியது. கூச்சத்தில் அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"கண்ணத் தொறடி!"

திறந்தாள்.

"தேங்க் யூ."

அவள் நகரவில்லை. மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் அவளைத் தள்ளிவிட்டு, ஓரமாக ஒதுங்கி நின்றவர்களை எல்லாம் கூப்பிட்டேன். ஒருத்தி வந்தாள், தேங்க் யூ. அடுத்தவள், தேங்க் யூ. ஏழாவது எட்டாவது ஆளுக்குள் வரிசையே கைதட்ட ஆரம்பித்துவிட்டது. அக்கா நோட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விசில் அடித்தார்.

விசில் சத்தத்துக்குத்தான் ஆபீசர் வந்தார். வழக்கமாக ஒன்பது மணிக்கு வருபவர். அன்று யாரோ விசிட்டர் வருவதால் சீக்கிரமே வந்திருந்தார். "என்ன குப்பை இது? எடுங்க, எடுங்க. விசிட்டர் வர்ற நேரம்," என்றார்.

"எடுத்துடுறேன் சார். ஒரே ஒரு தடவை நீங்க வந்து நில்லுங்க," என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவரும் மாநிறம்தான். என்னை இரண்டாவது மூன்றாவது தடவையில் ஏற்றுக்கொள்ளும் மெஷின் அவரை ஏற்றுக்கொண்டுவிட்டால்? என் ரூம்மேட்டோடு நானும் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவராலும் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அட்டையைக் கழற்றி என் மார்போடு அணைத்துக்கொண்டேன். அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு போய் நின்றார். நாங்கள் வந்தபோது இருந்ததைவிட வெயில் அவர் முதுகுக்குப் பின்னால் இன்னும் பளீரென்று அடித்தது.

"ப்ளீஸ் ட்ரை அகைன்."

சிரித்துக்கொண்டே தலையை நிமிர்த்தினார். "ப்ளீஸ் ட்ரை அகைன்." கண்ணாடியைக் கழற்றினார். "ப்ளீஸ் ட்ரை அகைன்." நான்காவது தடவைக்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. நான் அட்டையை அதே இடத்தில் வைத்துச் சாய்த்தேன். அவர் முகத்தில் வெளிச்சம் விழுந்தது.

"தேங்க் யூ."

அப்போதுதான் செக்யூரிட்டி அக்கா கக்கத்திலிருந்த நோட்டை எடுத்து, பேனாவைத் திறந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "சார், ஷிப்ட் பெல் அட்ச்சி ரெண்டு நிமிசம் ஆவுது. உங்க பேர லேட்டுல எழுதிக்கவா?"

அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வரிசை மொத்தமும் சிரித்தது. நான் அட்டையைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். ஆபீசருக்கும் உதடு துடித்தது, அவரை அதற்காகப் பாராட்டத்தான் வேண்டும். அந்த நோட்டைக் கையில் வாங்கிப் புரட்டினார். ஒரே பெயர்கள் ஒவ்வொரு காலை ஷிப்டிலும், ஷிப்ட் தொடங்கக் கால் மணி நேரத்துக்கு முந்திய நேரத்தோடு எழுதப்பட்டிருந்தன. "இதெல்லாம் நேரத்துக்கு வந்தவங்களா?" என்று கேட்டார். "அல்லாரும் பெல்லுக்கு முன்னாடி வந்தவங்கதான் சார்," என்றார் அக்கா. நோட்டை எடுத்துக்கொண்டு அவர் உள்ளே போனார். அட்டையை எடுக்கச் சொல்லவில்லை.

மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு விளக்குப் போடும்வரை பத்துப் பதினைந்து நாள் என் அட்டைதான் அங்கே வேலை பார்த்தது. அந்த நாட்களில் நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். கம்பெனியே என்னுடையது என்கிற மாதிரி நடந்தேன். லைனில் என்னை இன்ஜினியர் என்று கூப்பிட்டார்கள், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மாதக் கடைசியில் கான்ட்ராக்ட் புதுப்பித்தவர்களின் பட்டியலை கேன்டீன் சுவரில் ஒட்டினார்கள். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு அவளை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். முதல் தாளிலேயே அவள் பெயர் இருந்தது. நான் கத்திவிட்டேன். அவள் கத்தவில்லை. தாளில் விரலை வைத்து அடுத்த பெயர், அதற்கடுத்த பெயர் என்று இறங்கிக்கொண்டே போனாள். அவளோடு காலையில் ஓரமாக ஒதுங்கி நின்ற ஒவ்வொருத்தியின் பெயரிலும் விரல் நின்றது. சாப்பாட்டு நேரம் போய்க்கொண்டிருந்தது, பின்னாலிருந்து திட்டினார்கள், அவள் கேட்கவில்லை. கடைசித் தாள்வரை பார்த்துவிட்டு, "ஒருத்தியும் விடுபடலடி," என்றாள். அதற்கப்புறம்தான் முதல் தாளுக்குத் திரும்பி வந்து, தன் பெயரை ஒருமுறை சத்தமாக வாசித்தாள்.