மூன்று முறை திரும்பி வந்த ஸ்டெபிலைசர்

கெடாரில் இருக்கிற சவுரியம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. விடிந்ததும் சோறாக்கி மூடி வைத்துவிட்டு, மாதா படத்துக்கு முன்னால் நின்று ஒரு அருள்நிறை மரியே சொல்லிவிட்டு, கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவாள். பஸ் விழுப்புரம் வழியாகத் திண்டிவனம் போகும். ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை. ஃப்ரிட்ஜுக்கு வைக்கிற ஸ்டெபிலைசர் அங்கேதான் தயாராகிறது. ஒன்பது வருடமாக அவளுக்கு ஒரே வேலை. ஒயர்களைக் கனெக்டரில் நுழைத்து, ஆறு திருகாணிகளை இறுக்க வேண்டும்.

இறுக்கிய திருகாணியின் தலையில் ஒரு சொட்டு பெயிண்ட் வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆளுக்கொரு நிறம். சவுரியம்மாளுக்குப் பச்சை. பெண்கள் அதைப் பொட்டு என்பார்கள். பொட்டு வைத்தால், இதை இறுக்கியது நான், இதற்குப் பொறுப்பு நான் என்று அர்த்தம். விற்ற பெட்டி பழுதாகித் திரும்பி வந்தால் யாருடைய பொட்டோ அவர் மேசைக்கே வந்து சேரும். அவரே பிரித்துப் பார்த்துச் சரி செய்ய வேண்டும். சவுரியம்மாளின் பெட்டி எதுவும் லேசில் திரும்பி வராது. “சவுரிக்கா பொட்டு வச்சா அது சாமியார் மந்திரிச்ச மாதிரி” என்று பக்கத்து மேசை பிரபாவதி கிண்டல் செய்வாள்.

அவளுக்கு ஒரே மகள், ஆரோக்கியசெல்வி. செல்வியும் அதே கொட்டகையில் எட்டு மாதம் தாய்க்கு எதிர்மேசையில் வேலை பார்த்தாள். பெட்டிகளை ஏற்றிப்போக அனந்தபுரம் பக்கத்திலிருந்து வேன் ஓட்டிக்கொண்டு வந்தவன் தமிழ்மணி. சொந்த நிலத்தில் பயிர் வைக்கிற குடும்பம். வேறு சாதி, வேறு சாமி. ஒருநாள் செல்வி அவனோடு போய்விட்டாள். போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு வீட்டாரும் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆளுக்கொரு திசையாகக் கிளம்பினார்கள். சவுரியம்மாளின் கணவர் பிரான்சிஸ் கொத்தனார். அதிர்ந்து பேசாதவர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, காலைக் கழுவிக்கொண்டே ஒன்று சொன்னார்.

“அந்த வாசப்படிய மிதிச்சீன்னா, திரும்பி வந்து இத மிதிக்காத.”

அதோடு சரி. மூன்று வருடம் ஆகிறது. அதற்கப்புறம் அந்த வீட்டில் செல்வி பெயர் எழுந்ததில்லை. ஜெபமாலையில் மட்டும் சவுரியம்மாள் மனதுக்குள் சொல்லிக்கொள்வாள்.

போன வருடம் தை மாதம், அவள் மேசைக்கு ஒரு பெட்டி திரும்பி வந்தது. சத்தம் வருகிறது என்று கம்ப்ளைன்ட் சீட்டில் எழுதியிருந்தது. பிரித்துப் பார்த்தாள், ஒரு குறையும் இல்லை. மாட்டி ஓட்டிப் பார்த்தாள். சத்தமும் இல்லை. பழுது இல்லை என்று எழுதப் போகும்போதுதான் சீட்டில் வாங்கியவர் பெயரைக் கவனித்தாள். தமிழ்மணி. ஊர், அதே ஊர். பேனாவைக் கீழே வைத்தாள். கடையில் அத்தனை பெட்டி இருந்திருக்கும். சல்லடை போல ஓட்டை போட்ட மூடிக்குள் எட்டிப் பார்த்து, பச்சைப் பொட்டு இருக்கிறதைத் தேடி வாங்கியிருக்கிறாள் மகள். திருப்பி அனுப்பினால் யாரிடம் போகும் என்பதும் அவளுக்குத் தெரியாததல்ல.

ஆடி மாதம் மறுபடியும் வந்தது. இந்த முறை சூடாகிறதாம். அட்டைப் பெட்டியின் மூலையில் ஒரு துணி முடிச்சு இருந்தது. அவிழ்த்தால் மல்லாட்டை, வறுத்த வேர்க்கடலை. பிரபாவதிக்குக்கூடக் கொடுக்காமல், ஒரு நாளைக்கு நாலு என்று வைத்துத் தின்றாள். மூன்றாம் முறை வந்தபோது, அட்டையின் மடிப்புக்குள் ஒரு சின்ன போட்டோ. இரண்டு வயதுப் பெண் குழந்தை, கேமராவை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சவுரியம்மாள் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். பெயர் எழுதியிருக்கவில்லை. பேத்திக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று யோசித்து யோசித்து அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

சூப்பர்வைசர் சீனுவாசன் நல்லவர்தான். ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது.

“சவுரிம்மா, இந்த ஒரு செட்டால பெரிய பேஜாரா போச்சு. மூணு தடவ வந்தும் ஒண்ணும் இல்ல. இனிமே நெசமாவே பழுதா இருந்தாதான் கடைக்காரர எடுக்கச் சொல்லியிருக்கேன். பாத்து அனுப்பிடுங்க.”

அவள் தலையாட்டினாள். பெட்டியை மூடும் முன் கடைசியாக ஒரு தடவை திருகாணிகளைச் சரிபார்க்க வேண்டும். ஐந்தைப் பார்த்தாள். ஆறாவதில் திருப்புளியை வைத்து, இடதுபக்கமாக ஒன்றரைச் சுற்றுத் திருப்பினாள். தளர்ந்தது. உடைந்த பழைய பொட்டின் மேல் புதிதாகப் பச்சை வைத்தாள். சோதித்தபோது பெட்டி ஓடத்தான் செய்தது. ஒயர் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் பத்து நாளோ ஒரு மாதமோ, ஒருநாள் நின்றுவிடும். அப்போது நெசமான பழுது. திரும்ப வந்துதான் ஆக வேண்டும். இவ்வளவுதான் அவள் கணக்கு. வியாழக்கிழமை பெட்டி கடைக்காரர் அனுப்பிய வேனில் ஏறிப் போனது.

வெள்ளிக்கிழமை, வேலைக்குப் புதிதாக வந்த பெண்களுக்குச் சீனுவாசன் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். இறுக்காத இடத்தில் பொறி பறக்கும், பிளாஸ்டிக் உருகும், வீடே பற்றிக்கொள்ளும் என்றார். வருடா வருடம் அவள் கேட்கிற பாடம். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. போட்டோவிலிருந்த குழந்தை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கக்கூஸ் பக்கம் போய், சீட்டிலிருந்த கடைக்காரர் நம்பருக்குப் போன் செய்தாள். நேற்றே வீட்டில் கொடுத்தாகிவிட்டது என்றார் அவர். கம்பெனி ஆள் வந்து பார்க்கிறவரைக்கும் அதை மாட்ட வேண்டாம், உடனே சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். எப்போது ஆள் வரும் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்று அவள் வாய் சொல்லிவிட்டது.

ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்க எல்லாரும் எழுந்து போனார்கள். பாவத்தை வைத்துக்கொண்டு அதை வாங்கக் கூடாது என்று சவுரியம்மாள் போகவில்லை. பிரான்சிஸ் திரும்பிப் பார்த்தார். வெளியே வந்ததும், கம்பெனியில் அவசர வேலையாகக் கூப்பிடுகிறார்கள் என்று அவரிடம் சொன்னாள். பொய்க்கு மேல் பொய். விழுப்புரம் போய் அனந்தபுரம் பஸ்ஸில் உட்கார்ந்தபோது, ஆண்டவரே, முதலில் அந்தத் திருகாணியை இறுக்கிவிடுகிறேன், மற்றதை அப்புறம் கேளும் என்று வேண்டிக்கொண்டாள்.

வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் தமிழ்மணியின் தாய் பாஞ்சாலி. போலீஸ் ஸ்டேஷனுக்கு அவர் வந்ததில்லை. அதனால் முகம் தெரியாது. கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றாள் சவுரியம்மாள்.

“வாங்க. ரெண்டு நாளா மாட்டாம வச்சிக்கினு கெடக்கறோம். பாலு திரிஞ்சிப்போச்சி. பொம்பளயவா அனுப்புவாங்க?”

வாசற்படியில் ஒரு நொடி நின்றாள். பிறகு வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள்.

கொடியில் செல்வியின் பழைய நீலச் சேலை காய்ந்தது. பாயில் குழந்தை தூங்கியது. ஸ்டெபிலைசரைத் தரையில் வைத்து மூடியைக் கழற்றி, ஆறாவது திருகாணியைத் தேடிப் பிடித்து இறுக்கினாள். கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னாள். நெஞ்சிலிருந்த கல் இறங்கினாற்போல இருந்தது. இனி இங்கே அவளுக்கு வேலை இல்லை. குழந்தையைத் தொட வேண்டும்போல் இருந்தது, தொடவில்லை. பேத்தி பெயரைக் கேட்கவும் நாக்கு எழவில்லை.

பாஞ்சாலி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து அவளையே பார்த்தார்.

“இத்தோட மூணு தடவ அனுப்பிட்டா எம் மருமவ. ஒரு ரிப்பேரும் இல்லன்னு எனக்குந் தெரியும். எம் மவன் கத்துவான். நாந்தான் சொன்னேன், வுடுடா, அவளால போவ முடியல, பொட்டியாவது தாய் வூட்டுக்குப் போய்ட்டு வரட்டும்னு.”

சவுரியம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள்.

“அவளுக்கும் உங்க மூக்குதான். உக்காருங்க, மல்லாட்ட புடுங்கப் போயிருக்கா, வர்ற நேரந்தான். அடியே வெண்ணிலா, எந்திரி, யார் வந்திருக்காங்க பாரு.”

வெண்ணிலா. சவுரியம்மாள் அந்தப் பெயரை உதட்டுக்குள்ளேயே இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். குழந்தை எழுந்து, போட்டோவில் முறைத்தது போலவே முறைத்தது.

செல்வி தலையில் மல்லாட்டைச் செடிக் கட்டோடு வந்தாள். கட்டை இறக்காமல் அப்படியே நின்றாள். மெலிந்திருந்தாள், கறுத்திருந்தாள். பஸ்ஸில் வரும்போது எத்தனையோ பேச்சு சேர்த்து வைத்திருந்தாள் சவுரியம்மாள். வாயில் வந்தது வேறு.

“நாந்தாண்டி தளர வுட்டேன். திரும்பி வரணும்னு வுட்டேன். புள்ள இருக்கற வூடுன்னு அப்பறந்தான் உறைச்சிது.”

செல்வி கட்டைப் போட்டுவிட்டு வந்து தாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மண் வாசனை அடித்தது. அழுதுகொண்டே சிரித்தாள்.

“ஒண்ணுமில்லாதத ரிப்பேருன்னு நான் அனுப்பினேன். நீ நெசமாவே ரிப்பேராக்கி அனுப்பினியா? இனிமே நான் அத அனுப்ப மாட்டேம்மா. நீ வா.”

வருகிறேன் என்று சொல்ல ஒரு சொல் போதும். அந்தச் சொல்லுக்குப் பின்னால், கெடாரில் வாசற்படியில் பிரான்சிஸ் உட்கார்ந்திருந்தார். இந்த வாரம் சொன்ன பொய்கள் போதும் என்று இருந்தது அவளுக்கு. வரமாட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு வர முடியுமா என்று கேட்டால், அதற்கு ஆண்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். மூடியை எடுத்துப் பொருத்தினாள்.

மூடிக்கு நாலு திருகாணி. மூன்றைப் போட்டாயிற்று. நாலாவதையும் போட்டால் வேலை முடிந்துவிடும், அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். வெண்ணிலா கிட்டே வந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தது. சவுரியம்மாள் பிரிக்க விட்டாள். பிரித்ததும் மறுபடி மூடிக்கொண்டாள். அவள் திரும்பிப் போக வேண்டிய மூன்று மணி பஸ் சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.