கொல்லைத் தாழ்ப்பாளைக் கேட்கிறவர்

சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்ததும், சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் மோட்டார் சைக்கிளின் பேட்டரியைக் கழற்றுகிறார் சார்லஸ். வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஸ்க்ரூடிரைவரை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு வயரையும் விடுவித்து, பேட்டரியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்தி ஹாலுக்குள் போகிறார். காலையில் அதைத் திரும்ப மாட்ட மறந்துவிட்டால் வண்டியில் ஹாரன் அடிக்காது. அன்றைக்கெல்லாம் கடலூர் மஞ்சக்குப்பம் கடைத்தெருவில் "ஓரம், ஓரம்" என்று வாயாலேயே கத்திக்கொண்டு பொதுப்பணித்துறை அலுவலகம் போய்ச் சேருவார். அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது.

பேட்டரி எதற்கென்றால், ஹாலில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டிக்கு. சோப்பு டப்பா அளவு இருக்கும். ஹாங்காங்கிலிருந்து தபாலில் வந்தது. அதை 'டாக்' என்கிறார்கள். கம்ப்யூட்டரில் வெறும் எண்களாகக் கிடக்கும் பாட்டை, ஆம்ப்ளிஃபயர் வாங்கிக்கொள்கிற மாதிரி மாற்றித் தருவது அதன் வேலை. சார்லஸைக் கேட்டால் இன்னும் தெளிவாகச் சொல்வார். "கம்ப்யூட்டர்ல இருக்கிறது அரிசி மச்சான். இந்தப் பொட்டி அத சோறாக்குது. கொழைஞ்சாலும் கெட்டுச்சு, வேகலன்னாலும் கெட்டுச்சு."

நல்லதாக, அதுவும் ஒரு குமாஸ்தா சம்பளத்துக்குக் கட்டுப்படியாகிற மாதிரி ஒரு பெட்டி வேண்டுமென்று ஒரு வருஷம் அலைந்தார் மனிதர். எந்தப் பெட்டி உசத்தி என்று இணையத்தில் வெள்ளைக்காரர்கள் போடும் சண்டையையெல்லாம் ஒன்று விடாமல் படித்தார். கிறுக்கு முற்றிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். பாட்டு ஓடும்போது எல்லோரும் ஸ்பீக்கரைப் பார்ப்பார்கள். இவர் மட்டும் அடுப்படிப் பக்கம் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"நா பாட்ட கேக்கல மச்சான்," என்றார். "கொல்லக் கதவு தாழ்ப்பா சத்தத்த கேக்குறேன்."

அவர் மனைவி பிரிசில்லா இருபது வருஷம் சர்ச் பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சலில் இடது காது போய்விட்டது. மிஞ்சிய வலது காதில் கூர்மையான எந்தச் சத்தமும் ஊசியாக இறங்கும். குழுவுக்குப் போவதை நிறுத்திவிட்டார். வீட்டில் சார்லஸ் பாட்டு வைத்தாலும் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு துவைகல்லுப் பக்கம் போய்விடுவார். இதமான சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுப் பழகாவிட்டால் அந்தக் காது இன்னும் கூசும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரிசில்லா மறுபடியும் பாட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். சார்லஸ் தேடியது அதற்கான பெட்டியைத்தான்.

சோதனைப் பாட்டு ஒன்றே ஒன்றுதான். ஒரு கிறிஸ்மசுக்கு அவர்கள் சர்ச் குழு பாடியதைச் சார்லஸே பதிவு செய்து வைத்திருந்தார். அதில் சவரியம்மாள் என்ற அம்மையார் முதல் குரலில் ஓர் உச்சத்துக்குப் போவார். சாதாரணக் காதையே கிள்ளும் குரல் அது. அந்த இடம் வந்ததும் தாழ்ப்பாள் 'டக்'கென்றால் பெட்டி தோற்றது. இப்படியொரு சோதனை நடப்பதைப் பற்றிப் பிரிசில்லாவிடம் சார்லஸ் மூச்சு விடவில்லை. "சொன்னா எனக்காவ பல்லக் கடிச்சிக்கினு ஒக்காந்துக்குவா. அப்பிடி ஒக்கார வெக்கவா இவ்ளோ பாடு?" என்றார். அன்றிலிருந்து அவரைக் கிறுக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சிதம்பரம் தெற்கு வீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சேதுமாதவன் இவருக்குப் பாட்டுச் சிநேகிதர். வசதியான ஆள். தன்னிடமிருந்த விலை உயர்ந்த பெட்டியை இரவல் கொடுத்தார். "ஒரு வாரம் வெச்சுக் கேளு சார்லஸ். புஸ்தகத்துல அஞ்சு ஸ்டார் போட்ருக்கான்" என்றாராம். அதைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு கடலூருக்குக் கொண்டுவந்தார் சார்லஸ். சவரியம்மாள் உச்சத்துக்குப் போனார். தாழ்ப்பாள் டக்கென்றது. திரும்பி வந்த பிரிசில்லா, "ஏங்க, அக்கா தொண்டையில கண்ணாடி ஒடையுது" என்றார். அஞ்சு ஸ்டார் மறுபடியும் பஸ் ஏறியது.

"ட்ரெபிளக் கொறச்சு, கூரான சத்தத்த மட்டும் அமுக்கி வெச்சுக்கறதுதானே?" என்று சேதுமாதவன் கேட்டதற்குச் சார்லஸ் ஒப்பவில்லை. "கொறச்சா அக்கா போர்வைக்குள்ளேர்ந்து பாடுற மாதிரி ஆயிடும். பக்கத்துல நின்னு பாடுனவ, கண்டுபுடிச்சிருவா. அக்கா கொரலு அக்கா கொரலாவே வரணும். குத்தக் கூடாது, அவ்ளோதான்."

பிறகுதான் இந்தச் சோப்பு டப்பா வந்தது. முதல் நாள் அதுவும் தோற்றது. ஆனால் தாழ்ப்பாள் உச்சத்திலேயே விழவில்லை, அதைத் தாண்டிக் கொஞ்சம் கழித்து விழுந்தது. சார்லஸ் அதைப் பிடித்துக்கொண்டார். பெட்டியோடு வந்த அடாப்டரை இரண்டு நாள் முறைத்துப் பார்த்தார். "பொட்டி மேல தப்பில்ல மச்சான். இந்த ஊரு கரண்ட்டுல அழுக்கு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் வண்டியின் பக்கமூடியைத் திறந்தார். கரண்ட் வருவதே பெரிய விஷயமாக இருக்கும் இந்த நாட்களில், வருகிற கரண்ட்டையும் வேண்டாமென்று சொன்ன ஒரே கடலூர்க்காரர் அவராகத்தான் இருப்பார்.

பேட்டரியில் ஓட்டிய அந்த முதல் சாயங்காலம், பேப்பர் வாங்கக் கீழே இறங்கிய நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பிரிசில்லா அடுப்படியில் கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். பாட்டு தொடங்கியது. சவரியம்மாள் மேலே ஏறினார், அங்கேயே நின்றார், இறங்கினார். சார்லஸ் மூச்சை விடவேயில்லை. கொல்லைப் பக்கம் சத்தமில்லை. இரண்டாவது சரணத்தில் பிரிசில்லா கையில் முறத்தோடு வந்து நிலைப்படியில் நின்றார். பிறகு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"சவரியம்மாக்கா அன்னிக்குத் தொண்ட கட்டிக்கினு பாடியிருக்காங்க. தெரியுதா ஒங்களுக்கு?"

"அப்பிடியா?" என்றார் சார்லஸ், ஒன்றும் தெரியாதவர் மாதிரி. அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

மூன்றாவது சரணம் வந்தது. கொத்தவரங்காயைப் பார்த்தபடியே பிரிசில்லாவின் உதடு அசைந்தது. கொஞ்ச நேரத்தில் குரலும் வந்தது. முதல் குரலுக்குக் கீழே போகும் இரண்டாம் குரல், அங்கங்கே சுருதி விலகி, தயங்கித் தயங்கி. ஒரு வருஷம் அலைந்து கொண்டுவந்த சத்தம் ஸ்பீக்கரில் நிறைவாக வந்துகொண்டிருந்தது. சார்லஸ் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டி, ஆம்ப்ளிஃபயரின் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போனார், ஹாலில் அவர் மனைவியின் குரல் மட்டும் மிஞ்சும்வரை.