கண்ணையனின் ஆள்காட்டி விரல்

எங்கள் தெருவில் வசந்தியின் வாயைத் தெரியாதவர் இல்லை. அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். பிறவியிலேயே பார்வையில்லாத அத்தை மகன் கண்ணையனை, தன் ‘பாவா’வை, அடம்பிடித்துக் கட்டிக்கொண்டவள். அவருக்குச் சட்டை எடுப்பது அவள்தான். ஆடிக் கிருத்திகை நெரிசலிலும் அவர் கையை விடமாட்டாள். அந்தக் கையை இன்னொருத்தி பிடித்தால் வயிறு எரியாதா?

பிடித்தவள் கயல்விழி. சென்னையில் கண்ணையன் வேலை பார்க்கும் வங்கியில்தான் அவளுக்கும் வேலை. அவளுக்கும் பார்வை இல்லை. கண்ணையன் எழுதவேண்டிய பதவி உயர்வுத் தேர்வு ஆங்கிலத்தில். தமிழ் பிரெயிலில் படித்து வளர்ந்தவருக்கு ஆங்கிலப் பிரெயில் தடுமாறியது. ஞாயிறுதோறும் கயல்விழி வீட்டுக்கு வந்து, அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்துப் புள்ளிகளின் மேல் நகர்த்திச் சொல்லிக்கொடுத்தாள். ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவாள். வாய் அண்ணா என்கிறது, கை விரலை விடமாட்டேன் என்கிறதே என்று வசந்தி அடுப்படியில் பாத்திரங்களை உருட்டுவாள்.

தமிழ் ‘க’வுக்கும் தெலுங்கு ‘க’வுக்கும் பிரெயிலில் ஒரே புள்ளிகள்தான் என்று கண்ணையன் எப்போதோ சொல்லியிருந்தார். வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழுமாக வளர்ந்த வசந்திக்கு அது போதாதா? உலகத்துக்கே ஒரே புள்ளி என்று எடுத்துக்கொண்டாள். கைப்பேசியில் தமிழ் பிரெயில் அட்டவணையைத் தேடி எடுத்து, யாருக்கும் தெரியாமல் மனப்பாடம் செய்தாள்.

அடுத்த ஞாயிறு கயல்விழி புத்தகத்தைத் திறந்ததும் வசந்தி இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள்.

“இன்னாத்துக்குப் பாவா அடுத்தவங்க தயவு? நானே சொல்லித் தரேன். இது ழ.”

கயல்விழி தடவிப் பார்த்தாள். “தமிழ்ல ழ தாங்க்கா. இங்கிலீஷ்ல இதே புள்ளி ‘ஆஃப்’னு ஒரு முழு வார்த்தை.”

கண்ணையன் சிரித்துவிட்டார். கயல்விழியும் சிரித்தாள். வசந்தியின் முகம் சுண்டிப்போயிற்று.

“சேந்துகினு சிரிங்க. இந்த வூட்ல எனுக்கு மட்டும் ஒண்ணும் தெரியாது.”

“எனுக்காகவா இதெல்லாம் படிச்ச?” என்றார் கண்ணையன்.

“உங்களுக்காக ஒண்ணும் இல்ல. வயித்தெரிச்சல்.”

கயல்விழிக்குச் சட்டென்று எல்லாம் புரிந்துவிட்டது. கைத்தடியைத் தேடி எடுத்துக்கொண்டு எழுந்தாள். “இனிமே நான் வரலக்கா.”

அவள் போனால் தேர்வு போச்சு. அது வசந்திக்கும் தெரியும். எட்டி அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

“எங்க போற? அவுரு பரிச்ச இன்னா ஆவறது?” என்று தன் விரலை அவள் கையில் திணித்தாள். “நீ என் விரலப் புடிச்சிச் சொல்லிக்குடு. அவுரு விரல நான் புடிச்சிக்கிறேன்.”